ஜூபிலி ஹால் வடக்குச் சுவர்: சிமெண்டை உரித்துச் சுண்ணாம்பு பூசினோம்

ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாத மழையும் கழிந்துவிட்டது, வடக்குச் சுவரில் ஓதம் இல்லை. உள்பக்கம் கை வைத்தால் குளிர்ச்சி தெரிகிறது, ஈரம் தெரியவில்லை, உப்பும் பூக்கவில்லை. இனி தைரியமாக எழுதலாம் என்று தோன்றியதால் எழுதுகிறேன். இது போன்ற பழைய பொதுக் கட்டடம் உள்ள ஊர்க்காரர்கள் யாருக்காவது பயன்பட்டால் சரி.

முதலில் கட்டடம். எங்களுடையது ஒரு சின்னப் பேரூராட்சி. கடைத்தெரு முடிகிற இடத்தில் அறுபது அடி நீளம், முப்பது அடி அகலத்தில் ஓட்டுக்கூரை போட்ட ஒரு ஹால். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பட்டத்துக்கு வந்து இருபத்தைந்தாண்டு ஆனதை ஒட்டி 1935-இல் ஊர் வசூலில் கட்டியது. வாசலுக்கு மேலே சலவைக்கல்லில் அப்படித்தான் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு காந்தி மன்றம் என்று போர்டு மாற்றினார்கள். ஆனாலும் இன்றைக்கும் பஸ்ஸில் இறங்கி 'ஜூப்ளி ஹால்' என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். வாசகசாலையாக இருந்திருக்கிறது, பஞ்சாயத்து ரேடியோ இருந்திருக்கிறது, ரேஷன் கார்டு முகாம், கண் சிகிச்சை முகாம், தேர்தல் பூத் எல்லாம் இங்கேதான். சுவர் ஒன்றரை அடி கனம், மெல்லிய பழைய செங்கல், சுண்ணாம்புச் சாந்து. உயரம் பதினான்கு அடி.

இதை இடித்துவிட்டு மாடியோடு கடைகள் கட்டலாம் என்ற பேச்சு ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் காட்டிய காரணம் வடக்குச் சுவர். உள்ளே நான்கு அடி உயரம் வரை பூச்சு பொருமி, தட்டினால் தொப்தொப்பென்று சத்தம். வெளியே வெடிப்பு. கீழே செங்கல் பொடி குவிந்து கிடக்கும். 'சுவர் செத்துப்போச்சு' என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். பழுதுபார்க்கக் கேட்டபோது வந்த எஸ்டிமேட்டிலும் 'பழைய பூச்சை நீக்கி சிமெண்ட் பூச்சு' என்றே இருந்தது. அந்தப் பழைய பூச்சே சிமெண்ட்தான். முன்னொரு காலத்தில் யாரோ நல்ல எண்ணத்தில் வெளிப்புறம் முழுக்கவும் உள்ளே நான்கு அடிக்கும் சிமெண்ட் பூசி, மேலே எனாமல் பெயிண்டும் அடித்திருக்கிறார்கள்.

தரையிலிருந்து செங்கலுக்குள் ஈரம் ஏறுவது பழைய சுவர்களில் எப்போதும் நடப்பதுதான். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், சிமெண்ட் விடாது. விடாத ஈரம் மேலே மேலே ஏறி, காய்கிற இடத்தில் உப்பைக் கொண்டுவந்து சேர்க்கும், உப்பு செங்கலின் முகத்தைப் பொடியாக்கும். எங்கள் சுவர் செத்ததாகச் சொன்னது இந்த வேலையைத்தான். ஓரிடத்தில் சிமெண்டை உடைத்து உளியால் குடைந்து பார்த்தோம். முகத்தில் முக்கால் அங்குலம் மாவாக உதிர்ந்தது. அதற்குப் பின்னால் செங்கல் கணீர் என்றது. அந்தச் சத்தத்தை வைத்துத்தான் பேரூராட்சியில் பேசி அனுமதி வாங்கினோம்: ஒரு சுவர் மட்டும், எங்கள் செலவில், சரிவராவிட்டால் அவர்கள் இஷ்டம்.

பூச்சுக்கு முன்னால் ரோடு. இதை முதலில் செய்யாமல் எந்தப் பூச்சு பூசினாலும் வீண். வடக்குப் பக்கம் ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, ரோட்டு மட்டம் ஏறிவிட்டது. வடக்கு வாசலில் ஒரே ஒரு படிதான் தெரியும். ரசக்குழாயை வைத்து மட்டம் பார்த்தபோது ரோடு ஹாலின் தளத்தைவிட ஆறே அங்குலம்தான் தாழ்வு. மழைத் தண்ணீர் சுவரில் சாய்ந்து நின்றிருக்கிறது. சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்கு ஓடை தோண்டினோம். கடப்பாரை, மண்வெட்டி மட்டும். ஜேசிபி வேண்டவே வேண்டாம், அஸ்திவாரத்தில் ஒரு இடி இடித்தால் கதை முடிந்தது. ஒன்றே முக்கால் அடி ஆழத்தில் பழைய தரை வந்தது, அங்கேயே நிறுத்திக்கொண்டோம். அஸ்திவாரத்துக்குக் கீழே போகக் கூடாது. அடியில் ஜல்லி பரப்பி, நான்கு அங்குல பிவிசி குழாயில் துளை போட்டுப் படுக்கவைத்து, பத்தடிக்கு ஓர் அங்குலம் சாய்வில் மூலைச் சாக்கடையில் சேர்த்தோம். ரோட்டுப் பக்கம் மண் சரியாமல் இருக்கக் கருங்கல் கட்டு. மேலே இரும்பு கிரில். கிரில்தான் விலை, வெல்டிங்கோடு சேர்த்து முப்பத்தெட்டாயிரம் ஆயிற்று. பழைய இரும்புக் கடையில் தேடியிருந்தால் பாதியில் முடிந்திருக்கும்.

தோண்டும்போது வாசலில் இன்னும் மூன்று படிகள் வந்தன. கருங்கல், ஓரம் தேய்ந்து வழவழவென்று இருக்கின்றன. கீழிருந்து இரண்டாவது படியில் ஆடுபுலி ஆட்டக் கோடு கீறியிருக்கிறது. முக்கோணமும் குறுக்குக் கோடுகளும் அப்படியே, மண்ணைக் கழுவியதும் இருபத்து மூன்று புள்ளிகளையும் எண்ண முடிந்தது. மூன்று புலி, பதினைந்து ஆடு வைத்து அன்றைக்கே இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டார்கள், வேலை கொஞ்ச நேரம் நின்றது. வாசலுக்கு மேலே மன்னர் பெயர் போட்ட சலவைக்கல்லை எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்தப் படிக்குத்தான் மதிப்பு அதிகம். சலவைக்கல் யாருக்காகக் கட்டினார்கள் என்று சொல்கிறது. யார் வந்து உட்கார்ந்தார்கள் என்பது இந்தக் கோட்டில் இருக்கிறது.

அடுத்தது சிமெண்டை உரித்தல். பிரேக்கர் மெஷினை ஒரு சதுர அடி ஓட்டிப் பார்த்தோம், சிமெண்டோடு செங்கல் முகமும் சேர்ந்து வந்துவிட்டது. அதோடு மெஷினை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஒரு அங்குல தட்டை உளியும் ஒரு கிலோ சுத்தியலும் எடுத்தோம். உளியைச் சுவருக்கு நேராகக் குத்தாமல் படுக்கவைத்து, பூச்சுக்கும் செங்கலுக்கும் நடுவில் செலுத்தினால் பொருமிய இடமெல்லாம் தகடு தகடாக விழும். பிடித்துக்கொண்டிருக்கும் இடத்தில்தான் பாடு. பொடிந்த செங்கல் இடுக்குகளில் ஒரு அங்குல ஆழத்துக்குப் பழைய சாந்தைச் சுரண்டி, உலர்ந்த பிரஷ்ஷால் உப்பைத் துடைத்தோம். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். பிறகு ஒரு மாதத்துக்கு மேல் சுவரை நிர்வாணமாக விட்டுவைத்தோம். ஊரில் கேலி பேசாதவர்கள் இல்லை. சுவர் காய்ந்தது. வாரத்துக்கொரு முறை உப்பு பூத்தது, துடைத்தோம், பூப்பது குறைந்துகொண்டே வந்தது. ரொம்பச் சிதைந்த செங்கல்களை மட்டும் தோண்டி எடுத்து, இடித்த பழைய வீடுகளிலிருந்து வாங்கிய அதே அளவுச் செங்கலை வைத்தோம். புது சேம்பர் செங்கல் கனம் கூடுதல், வரிசை ஒத்துவராது.

உள்பக்கம் இன்னொரு விஷயம். நான்கு அடிக்கு மேலே பழைய சுண்ணாம்புப் பூச்சு நன்றாகவே இருந்தது, அதன்மேல் டிஸ்டெம்பர், அதற்குக் கீழே எத்தனையோ வெள்ளையடிப்பு. டிஸ்டெம்பர் வெந்நீரில் கரையும், ஸ்பாஞ்சால் துடைத்தே எடுத்துவிட்டோம். சாயங்காலம் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தபோது ஐந்தடி உயரத்தில் எழுத்து மாதிரி மேடு தெரிந்தது. அங்கே தண்ணீரை நிறுத்திவிட்டோம். சர்ஜிகல் பிளேடும் மூங்கில் சிம்பும் வைத்து ஒவ்வொரு சுண்ணாம்பு அடுக்காகச் செதில் செதிலாக உரித்தோம். தீப்பெட்டி அளவு இடம் எடுக்கவே வெகுநேரம் ஆகும். கறுப்பில், கையால் எழுதிய எழுத்து: 'பத்திரிகைகளை வெளியே எடுத்துச் செல்லலாகாது.' அதில் 'ளை' இப்போது எழுதுவது மாதிரி இல்லை, யானைத் துதிக்கை போட்ட பழைய ளை. 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்த பிறகுதான் இன்றைய ளை, லை, னை, ணை எல்லாம் பொது வழக்குக்கு வந்தன. ஆகவே அதற்கு முந்தியது என்று வைத்துக்கொள்ளலாம். 'வெளியே' என்பதில் 'வெ'யின் சுழியை எழுதியவர் கொஞ்சம் ஆசையாக இழுத்துவிட்டிருக்கிறார், பிரஷ்ஷில் மை தீர்ந்து ஓரத்தில் மயிர் மயிராகக் கோடு நிற்கிறது. இந்த ஹால் வாசகசாலையாக இருந்ததற்குப் பேரூராட்சியில் ஒரு காகிதம் கூட அகப்படவில்லை. இப்போது சுவரே சொல்கிறது. அதன் மேல் எதுவும் பூசவில்லை. பக்கத்தில் ஒரு சாண் அகலத்துக்கு எல்லா வெள்ளையடிப்பு அடுக்குகளையும் படிப்படியாகத் தெரியும்படி விட்டிருக்கிறோம், நீலம் கலந்தது, மஞ்சள், வெள்ளை என்று.

சரி, சாந்து. சுட்ட சுண்ணாம்புக்கல்லைக் கட்டியாக வாங்கினோம், பாக்கெட்டில் வரும் பவுடர் இல்லை. மண்ணில் குழி வெட்டித் தார்ப்பாய் விரித்து, தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் முழங்கை வரை கையுறையும் இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள். கண்ணில் பட்டால் விளையாட்டில்லை. கரைந்ததைச் சல்லடையில் வடித்து, மேலே எப்போதும் ஒரு சாண் தண்ணீர் நிற்கும்படி ஒரு மாதம் ஊறவிட்டோம். வெண்ணெய்ப் பதத்துக்கு வந்துவிடும். அவசரப்பட்டு எடுத்தால் வேகாத கட்டி சுவரில் போய் வெந்து, பூச்சில் பரு பருவாகப் பொரியும்.

சாந்தில் கலக்கும் கடுக்காய்த் தண்ணீருக்கு நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கிக் கொட்டையோடு இடித்து, வெல்லத்தோடு டிரம்மில் ஊறவைத்தோம். நூறு லிட்டருக்கு ஐந்து கிலோ கடுக்காய், மூன்று கிலோ வெல்லம். கருப்பட்டி போடத்தான் ஆசை, விலையைக் கேட்டதும் வெல்லமே போதும் என்றாகிவிட்டது. இரண்டு வாரத்தில் நுரைத்துக் கள் வாடை அடிக்கும், எறும்பும் தேனீயும் குடியேறிவிடும், துணி கட்டி மூடுங்கள்.

முதல் பூச்சுக்கு அளவு: சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டு, செங்கல் தூள் ஒன்று, கடுக்காய்த் தண்ணீர் விட்டுக் கலந்தது. ஆற்று மணல் கிடைக்கவில்லை, எம்-சாண்டைச் சலித்துத் தூசியைக் கழுவிப் பயன்படுத்தினோம். செங்கல் தூளுக்கு நன்றாகச் சுட்ட பழைய செங்கலையும் உடைந்த ஓட்டையும் மாவு மில்லில் கொடுத்துப் பார்த்தோம், மில்காரர் விரட்டிவிட்டார், பிறகு ஆள் வைத்து இடித்தோம்.

மாதிரிக்கு ஒரு பத்துக்குப் பத்து அடி சித்திரை வெயிலில் பூசிப் பார்த்தது மொத்தமும் வெடித்தது. கண்ணுக்கு முன்னால் மெல்லிய கோடு கோடாக விழுந்து, மறுநாள் விரல் நுனி நுழையும் அளவுக்குப் பிளந்தது. இரண்டு காரணம். ஒரே வீச்சில் ஒரு அங்குலத்துக்கு மேல் கனம் ஏற்றியது ஒன்று, சுவரும் வெயிலும் சேர்ந்து ஈரத்தை உறிஞ்சிவிட்டது இன்னொன்று. சிமெண்ட் வேலை பழகிய கை, சிமெண்ட் மாதிரியே வேகமாக ஏற்றிவிட்டது. அப்புறம்தான் செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீடுகளில் வேலை செய்த ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்தோம். எழுபது வயதைத் தாண்டியவர். வெடித்த பூச்சைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது காய்றதுல இறுகாது, காத்துல இறுகும். காய விட்டீங்கன்னா போச்சு" என்றார். அவ்வளவுதான் முழுப் பாடமும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித் திரும்பக் கல்லாகிறது, அதற்கு ஈரம் வேண்டும், நேரமும் வேண்டும்.

ஆடி முடியக் காத்திருந்து திரும்பத் தொடங்கினோம். முதல் நாள் இரவே சுவரை நனைத்து ஊறவைப்பது, ஒரு வீச்சுக்கு அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் பூசுவது, மூன்று நான்கு நாள் விட்டு அடுத்த வீச்சு. பூசியதும் மணியாஸ்கட்டையால் (பூச்சை மட்டமாக்கும் மரக்கட்டை) தேய்த்து முடித்துவிட்டுப் போவதில்லை. சாந்து கொஞ்சம் இழுக்கும்போது கட்டையின் விளிம்பால் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டும், விழுகிற மயிரிழை வெடிப்பெல்லாம் அந்தத் தட்டலில் மூடிக்கொள்ளும். வெளியே சாரத்தில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டோம், காலை மாலை சாக்கில் தண்ணீர் தெளிப்பு. இதற்கென்றே ஒரு ஆளை நிறுத்தினோம். வேலையில் முக்கியமான ஆள் அவர்தான் என்பேன்.

மேல் பூச்சுக்கு ஊறிய சுண்ணாம்போடு சலித்த மெல்லிய மணல் ஒன்றுக்கு ஒன்று. ஒரு ஓட்டலில் ஓய்வுபெற்ற பெரிய மாவு கிரைண்டரைக் கேட்டு வாங்கி அதில் அரைத்தோம். (அதை இனி அவர்கள் திரும்பக் கேட்க மாட்டார்கள் என்று உறுதி செய்துகொண்டுதான் தொட்டோம்.) அரைக்காமல் கலந்ததற்கும் அரைத்ததற்கும் கரணையிலேயே வித்தியாசம் தெரிகிறது, அரைத்தது இழுபடும், உதிராது. முட்டை வெள்ளைக்கரு போட்டுக் கண்ணாடி மாதிரி மெருகேற்றும் செட்டிநாட்டுப் பூச்சு வேண்டும் என்று சிலர் ஆசைப்பட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். 1935-இல் இந்த ஊர் செய்துகொண்டது சாதாரணச் சொரசொரப்புப் பூச்சு; பொது ஹாலுக்கு நகரத்தார் வீட்டு வேஷம் எதற்கு.

செலவு. வெளியே சுமார் 650 சதுர அடி, உள்ளே 220. பூச்சு மட்டும் சாரத்தோடு சேர்த்துச் சதுர அடிக்கு 140 ரூபாய் விழுந்தது. சிமெண்டாக இருந்தால் ஐம்பதுக்குள் முடிந்திருக்கும். பொருளுக்கு ஆனது கொஞ்சம்தான், மீதியெல்லாம் கூலி. பெரியவருக்கும் இன்னொரு கொத்தனாருக்கும் நாளொன்றுக்கு 1,200, சித்தாளுக்கு 700. பெரியவரிடம் பழக இரண்டு இளைஞர்களைச் சேர்த்துவிட்டோம், அதில் ஒருவர் பாதியில் சிமெண்ட் வேலைக்கே போய்விட்டார்.

கூரையில் பெரிதாக எதுவும் செய்யவில்லை. வடக்குச் சரிவில் இற்றுப்போன ரீப்பர் (ஓடு உட்காரும் மரச்சட்டம்) மாற்றி, உடைந்த ஓடு மாற்றினோம். மங்களூரில் 1865-இல் பேசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பு தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலைக்குப் பிறகு எத்தனையோ கம்பெனிகள் அதே மாதிரி ஓடு போட்டிருக்கின்றன, ஆனால் ஒரு கம்பெனி ஓட்டின் காடி (பக்கத்து ஓட்டோடு பொருந்தும் பள்ளம்) இன்னொன்றில் சரியாக உட்காராது. எங்கள் கூரையிலேயே மூன்று முத்திரை இருந்தன, ஒழுகியதெல்லாம் அவை கலந்த இடத்தில். எல்லாவற்றையும் இறக்கி முத்திரைவாரியாகப் பிரித்து, ஒரே முத்திரையை ஒரே வரிசைகளில் வைத்ததும் ஒழுக்கு நின்றது. வாங்கியது கொஞ்ச ஓடுதான்.

பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்க முடியாதா என்று கேட்பவர்களுக்கு: மாநிலத்தின் 1966-ஆம் ஆண்டுச் சட்டம் தொல்லியல் துறை அறிவிக்கும் சின்னங்களுக்கு. 2012-இல் மரபு ஆணையத்துக்கென்று தனிச் சட்டம் வந்தது. எங்கள் மாதிரி ஹால் பட்டியலில் ஏறக் காத்திருந்தால் அதற்குள் செங்கல் தீர்ந்துவிடும். சென்னை சேப்பாக்கத்தில் பழைய அரண்மனைக் கட்டடமான ஹுமாயூன் மகாலைப் பொதுப்பணித்துறை சுண்ணாம்பிலும், மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துத் தளம் போடும் மெட்ராஸ் டெரஸ் முறையிலுமே மீட்டிருக்கிறது. ஆகவே அரசு எஸ்டிமேட்டில் சுண்ணாம்பு எழுதவே முடியாது என்று யாராவது சொன்னால் அதைக் காட்டுங்கள், எங்களுக்கு அது உதவியது.

அடுத்த முறை மாற்றிச் செய்யப்போவது: சுண்ணாம்பை மாசியிலேயே ஊறப்போட்டுவிடுவோம். சுரண்டத் தொடங்கும் முன்பே உள்சுவர் முழுக்க டார்ச் அடித்துப் படம் எடுத்துவிடுவோம். கிழக்கு மூலையில் டிஸ்டெம்பரோடு ஏதாவது போயிருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. உள்ளே கீழ்ப்பகுதியில் முதல் பூச்சை மட்டும் பூசி ஒரு வருடம் விட்டுவைத்தால் மிச்ச உப்பை அது வாங்கிக்கொள்ளும், பிறகு அதை உரித்துவிட்டு நல்ல பூச்சு பூசலாம் என்று பெரியவர் சொன்னார். திறப்புவிழாத் தேதி நெருக்கியதால் செய்யவில்லை. தெற்குச் சுவரில் செய்வோம்.

இடிக்கும் பேச்சு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், தள்ளிப்போயிருக்கிறது. இப்போதைய தகராறு பெயிண்ட். பொங்கலுக்குள் வெளியே பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்துப் 'பளிச்சென்று' ஆக்கிவிடலாம் என்று ஒரு தரப்பு நிற்கிறது. அடித்தால் பிளாஸ்டிக் சட்டை போட்ட சுவர் திரும்ப ஓதம் குடிக்கும், இவ்வளவும் வீண். சுண்ணாம்பில் கொஞ்சம் காவி கலந்து மூன்று கோட் அடித்து ஒரு மூலையைக் காட்டியிருக்கிறோம். கையில் ஒட்டுகிறது என்று புகார் வந்தது, மூன்றாவது கோட்டில் உப்பும் பசையும் சேர்த்த பிறகு அவ்வளவாக ஒட்டவில்லை. கூட்டம் வருகிற செவ்வாய்க்கிழமை.